கரை நகர்ந்தது, சுவை நின்றது

வரலாறு எனின் மன்னர்தம் போர்களும் ஆளுநர்தம் ஆணைகளும் மட்டுமே என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் அழியாதிருக்கிறது. பள்ளிப் பாடநூலைத் திறக்கும் மாணவன் 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியதையும், 1942ஆம் ஆண்டில் சப்பானியர் தீவைக் கைப்பற்றியதையும், 1965ஆம் ஆண்டில் அது தனிக் குடியரசானதையும் மனப்பாடம் செய்கிறான். அவை யாவும் அறியப்பட வேண்டியனவே. ஆயினும் அந்த ஆண்டுகளுக்கிடையே எளிய மக்கள் எங்கே வாழ்ந்தனர், எதை உண்டனர், எதை இழந்தனர், எதைக் காத்தனர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை அருகியே கிடைக்கிறது. அவ்விடையைத் தேடுவோர் அடுப்பங்கரைக்கும் உணவு மேசைக்கும் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் தோன்றிய கடலுணவுக் கடைகளின் வரலாறு அத்தகைய விடைகளுள் ஒன்று. சில மர மேசைகள், கரியடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, எதிரே அலைகடல் என்ற அளவில் தொடங்கிய அக்கடைகள், ஒரு நாட்டின் அடையாளமாகவே இன்று போற்றப்படும் உணவொன்றைப் பரப்பின. பின்னர் அவற்றின் எதிரே இருந்த கடலே இல்லாமற் போயிற்று. கடல் விலகிய பின்னும் அந்த உணவு நிலைத்தது எவ்வாறு, அதற்காக யார் யார் என்ன விலை கொடுத்தனர் என்பன ஆராயத்தக்கவை.

தென்னஞ்சோலையும் மீனவர் கம்பங்களும்

இன்று அடுக்குமாடி வீடுகள் அணிவகுத்து நிற்கும் காத்தோங், சிக்லாப், பிடோக் வட்டாரங்கள் 19ஆம் நூற்றாண்டில் தென்னந்தோட்டங்கள் நிறைந்த கடலோரப் பகுதிகள். அவற்றுக்குக் கிழக்கே செம்மண் பாறைகள் கடலில் செல்வோர்க்குத் தொலைவிலிருந்தே தெரிந்தமையால் அவ்விடம் மலாய் மொழியில் தானா மேரா, அதாவது செந்நிலம், எனப் பெயர் பெற்றது. செல்வர்கள் காத்தோங் கரையில் மாளிகைகள் எழுப்பினர். அவர்தம் தோட்டத்தின் பின்புறம் வரை அலை வந்து திரும்பும். கடலில் மரக்கம்புகளை வேலியாக நட்டு, அதனுள் அச்சமின்றி நீராடுவதற்குரிய இடங்களும் அமைக்கப்பட்டிருந்தன.

மாளிகைகளுக்கு அப்பால் மலாய் மீனவர்தம் கம்பங்கள் இருந்தன. அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள், மணலில் இழுத்து வைக்கப்பட்ட படகுகள், கயிற்றில் உலரும் வலைகள் ஆகியவை அக்கரையின் அன்றாடக் காட்சிகள். ஆழமற்ற கடலில் நீண்ட கழிகளை நட்டு, மீன்களை வழிமறித்துக் கூண்டுக்குள் செலுத்தும் கேலோங் என்னும் அமைப்புகளும் கரையிலிருந்து பார்த்தால் தெரியும். இரவில் அவற்றில் ஏற்றப்படும் விளக்கொளியை நாடி மீன்கள் வந்து சேரும். பழந்தமிழர் நெய்தல் என வகுத்த திணைக்குரிய வாழ்வே மொழியும் சமயமும் வேறுபட்ட இக்கரையிலும் நடந்தது. சங்கப் புலவர்கள் அலவன் என்று பெயரிட்டு அழைத்த நண்டு இங்கும் உப்பங்கழிச் சேற்றிலும் சதுப்புநிலக் காடுகளிலும் வளைதோண்டி வாழ்ந்தது.

கரையில் கிடைத்ததைக் கரையிலேயே சமைத்து உண்பது கடலோர மக்களின் இயல்பு. நகரில் உழைத்துக் களைத்தோர் மாலையில் காற்று வாங்கக் கிழக்குக் கரையை நாடிய காலத்தில், அவர்களுக்கு உணவளிக்கும் கடைகளும் அங்கே தோன்றலாயின. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் பிடோக் கரையிலிருந்த ஓய்வு இல்லத்தில் லாங் பீச் என்னும் கடலுணவுக் கடை தொடங்கியது. மரவள்ளிக் கிழங்கை உண்டு பஞ்சத்தைத் தாங்கிய மக்கள், கடலைப் பார்த்தவாறு அமர்ந்து மீனும் நண்டும் உண்ண முடிந்ததே போர் ஓய்ந்ததற்கு ஒரு சான்றாக விளங்கியது.

தள்ளுவண்டியில் பிறந்த கறி

மிளகாய் நண்டு என்று இன்று உலகறிந்த உணவின் தொடக்கம் ஒரு குடும்பத்தின் அடுப்பில் நிகழ்ந்தது. சேர் யாம் தியான் என்னும் சீனப் பெண்மணி நண்டை ஆவியில் வேகவைத்துக் கணவருக்குப் பரிமாறுவது வழக்கம். ஒரே சுவையை மாற்றிப் பார்க்கலாமே என்று கணவர் லிம் சூன் நீ கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் முதலில் தக்காளிக் குழம்பைச் சேர்த்தார். இனிப்பு மிகுந்து நின்றது. பின்னர்ப் புட்டியில் விற்கப்படும் மிளகாய்க் குழம்பையும் சேர்த்தார். இனிப்பும் காரமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்தப் பக்குவம் குடும்பத்தாருக்குப் பிடித்தது. அண்டை அயலாருக்கும் பிடித்தது.

1956ஆம் ஆண்டில் அவர்கள் தள்ளுவண்டியில் வைத்து இவ்வுணவை விற்கத் தொடங்கினர். இரண்டு கரியடுப்புகள், சில மேசைகள், சில முக்காலிகள், மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவையே முதலீடு. வருவோர் தொகை பெருகவே, 1960களின் தொடக்கத்தில் அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் பாம் பீச் என்ற பெயரில் கடை நிறுவப்பட்டது. பாம் என்பது அக்கரையில் நின்ற தென்னையையும், பீச் என்பது எதிரே இருந்த மணற்பரப்பையும் குறித்தன. அக்காலத்தில் அப்பெயர் அவ்விடத்திற்கு முற்றிலும் பொருந்தியது.

அங்கே உண்ணும் முறை எளிமையானது. உடுப்பைப் பற்றிக் கவலையில்லை. கரண்டியும் முள்ளும் பயன்படா. ஓட்டை உடைத்து, விரலால் சதையை எடுத்து, தட்டில் தேங்கிய குழம்பை ரொட்டியால் துடைத்து உண்ண வேண்டும். வங்கி அதிகாரியும் துறைமுகத் தொழிலாளியும் அடுத்தடுத்த மேசைகளில் ஒரே வகையாகக் கை அழுக்காகி அமர்ந்திருப்பர். கையால் உண்பதை நாகரிகக் குறைவு எனக் கருதியோரும் அங்கே அதைத் தவிர்க்க இயலவில்லை. தமிழர்க்கும் மலாய்க்காரர்க்கும் அது புதுமையன்று. சீனர்க்கும் ஆங்கிலேயர்க்கும் அதைக் கற்பித்த ஆசிரியர் நண்டேயாவார்.

ஒரு சட்டியில் பல நாடுகள்

இவ்வுணவுக்கு மற்றொரு வடிவமும் உண்டு. அந்நாளில் சிங்கப்பூரின் புகழ்பெற்ற சீனச் சமையல் வல்லுநர் நால்வருள் ஒருவராக எண்ணப்பட்டவர் ஹூய் கோக் வா. 1963ஆம் ஆண்டில் டிராகன் ஃபீனிக்ஸ் என்னும் உணவகத்தைத் தொடங்கிய அவர், புட்டிக் குழம்புக்கு மாற்றாகச் சம்பால், தக்காளி விழுது, முட்டை ஆகியவற்றைச் சேர்த்தார். கொதிக்கும் குழம்பில் இறுதியாக ஊற்றிக் கிளறப்படும் முட்டை இழையிழையாகத் திரண்டு குழம்புக்குத் திண்மை தருகிறது. பிற்காலத்தில் பெரும்பாலான கடைகள் பின்பற்றிய பக்குவம் இதனை ஒட்டியதே. ஒருவர் பாதை வெட்டினார், மற்றவர் அதை அகலப்படுத்தினார் எனக் கொள்வது பொருந்தும்.

இச்சட்டியில் சேர்ந்த பொருள்களை எண்ணிப் பார்த்தால் வரலாற்றுப் பாடமொன்று முழுமையாகக் கிடைக்கும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் ஆசியாவிற்கு வந்தது. அதற்கு முன் தமிழர்தம் உணவில் காரம் தந்தது மிளகே. புதிதாக வந்த காய் மிளகைப் போல் காரமாக இருந்தமையால் அதனை மிளகாய் என்றனர். மலாய் மொழியிலும் லாடா என்னும் சொல் மிளகையும் மிளகாயையும் குறித்து வழங்குகிறது. வந்த பொருளுக்கு வீட்டுப் பெயரைச் சூட்டி உறவாக்கிக்கொள்வதில் இரு மக்களும் ஒன்றுபட்டனர். சம்பால் மலாய்க்காரர்தம் அம்மியில் பிறந்தது. அதிக வெப்பத்தில் விரைந்து வதக்கும் இரும்புச் சட்டி சீனருடையது.

இத்தகைய கலப்பு கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமெஸ் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் சோபியா சாலையிலிருந்த தம் கடையில் மீன்தலைக் கறியைப் பரிமாறினார். மீன்தலையைச் சிறப்பாக விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளரின் நாட்டத்தைக் கண்டு, தென்னிந்திய மசாலையில் அதனைச் சமைத்தார் என்பர். தென்னிந்தியர் ஒருவர் சீனரின் நாவை நினைந்து சமைத்தார். சீனப் பெண்மணி ஒருவர் காரத்தைச் சேர்த்து அனைவர்க்கும் சமைத்தார். ஒற்றுமையைப் பற்றிய சொற்பொழிவுகள் நிகழ்வதற்கு முன்பே அடுப்பில் ஒற்றுமை கொதித்துக்கொண்டிருந்தது எனின் மிகையாகாது.

கடல் விலகிய கதை

1966ஆம் ஆண்டில் கிழக்குக் கரையின் தலையெழுத்து மாறலாயிற்று. பெருகிவரும் மக்களுக்கு வீடும் சாலையும் வேண்டும். தீவிலோ நிலம் சிறிது. எனவே கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் பெருந்திட்டத்தை அரசு மேற்கொண்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பணியை நடத்தியது. பிடோக், சிக்லாப் வட்டாரங்களின் குன்றுகள் வெட்டப்பட்டன. அம்மண் நகரும் பட்டைகளின் வழியாகக் கடற்கரைக்குச் சென்று கடலில் கொட்டப்பட்டது. ஏழு கட்டங்களாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த அப்பணியால் 1,525 எக்டர் நிலம் கிடைத்தது. 1960களில் ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் பரப்பு, கிழக்குக் கரையிலும் பிற இடங்களிலும் நடந்த இத்தகைய பணிகளால் இன்று 730 சதுரக் கிலோமீட்டரைக் கடந்துள்ளது.

குன்று சமவெளியாயிற்று, கடல் குடியிருப்பாயிற்று. கடலைத் தூர்த்த நிலத்தின் மீதே முழுவதுமாக எழுந்த முதல் வீடமைப்புப் பேட்டையாக மரின் பரேட் 1970களில் உருவாகியது. அதற்கப்பால் விரைவுச்சாலையும், அதற்கும் அப்பால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் அமைந்தன. ஈரமும் நெரிசலும் மிகுந்த பழைய குடியிருப்புகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குழாய்நீரும் மின்விளக்கும் உள்ள வீடுகளைப் பெற்றன. மாளிகையுடையோர் மட்டுமே துய்த்த கடற்காற்று பூங்காவின் வழியாகப் பொதுமக்கள் அனைவர்க்கும் கிடைத்தது. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது.

அதே நேர்மை மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. படகை இழுத்து நிறுத்திய மணல் மறைந்தபோது மீனவனின் தொழிலும் மறைந்தது. அலையோசை கேட்டு எழுந்தவர்கள் மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நீர் ஏறியிறங்கும் நேரத்தையும், காற்றின் திசையையும், மீன் திரளும் பருவத்தையும் அறிந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாமல் ஒரே தலைமுறையில் நின்றுபோயிற்று. முன்பு கடலோரத்தை ஒட்டியிருந்த கம்போங் சிக்லாப் பள்ளிவாசல் இன்று கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. கடல் அங்கு வரை வந்தது என்பதற்கு அதன் பெயரும் இருப்பிடமுமே சாட்சிகள்.

மேசை இடம் மாறியது

கடலோரக் கடைகளும் இம்மாற்றத்திற்கு விலக்கல்ல. அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலைக் கடைகளின் எதிரே இருந்த நீர்ப்பரப்பு மண்ணாயிற்று. அதே காலத்தில் தெருவோர வணிகத்தையும் அரசு ஒழுங்குபடுத்தியது. 1968, 1969 ஆண்டுகளில் தெருவோர உணவுக்காரர் ஏறத்தாழ 18,000 பேர் பதிவு செய்யப்பட்டனர். குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உடைய உணவங்காடி நிலையங்களுக்கு அவர்களை மாற்றும் பணி 1986ஆம் ஆண்டில் நிறைவுற்றது. மண்ணெண்ணெய் விளக்கின் காலம் அத்துடன் முடிந்தது.

கடல் விலகிச் சென்ற தொலைவுக்குக் கடைகளும் பின்தொடர்ந்து சென்றன என்பதே வியப்பு. புதிய கரையை ஒட்டி, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவினுள் 1980களின் நடுவில் கடலுணவு நிலையமொன்று அமைந்தது. பழைய சாலையிலிருந்து சில கடைகள் அங்கே குடிபெயர்ந்தன, புதியனவும் தோன்றின. தீவின் வடகிழக்கே பொங்கோல் முனையில் இருந்த கடலுணவுக் கடைகளோ 1990களில் அவ்வட்டாரம் மறுசீரமைக்கப்பட்டபோது மூடப்பட்டன. பிடோக் கரையில் பிறந்தவை தப்பிப் பிழைத்தன. பொங்கோல் முனையில் இருந்தவற்றுக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

சேர் யாம் தியான் குடும்பத்தார் 1980களின் நடுவில் கடையை விற்றுவிட்டு நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தனர். பாம் பீச் என்னும் பெயர் பிறர் கைக்குச் சென்று, பிற்காலத்தில் சிங்கப்பூர் ஆற்று முகத்திலுள்ள ஒன் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில் நிலைகொண்டது. அவர்தம் மகனோ சிங்கப்பூருக்குத் திரும்பிவந்து ரோலண்ட் என்ற பெயரில் உணவகம் தொடங்கினார். அவ்வுணவகம் பின்னர் மரின் பரேட்டில் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் ஒன்றின் மேல்தளத்திற்கு மாறியது. தாயார் கடலைப் பார்த்தவாறு நண்டு சமைத்த காலத்தில் மரின் பரேட் இருக்கும் இடம் கடலாகவே இருந்தது. அக்கடலின் மேல் மண் கொட்டி, மண்ணின் மேல் கட்டடம் எழுப்பி, அதன் உச்சியில் அதே குடும்பத்தின் சட்டி ஏறி அமர்ந்தது. தீவின் அரை நூற்றாண்டு மாற்றத்தை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நண்டு வந்த வழி

கரை மாறியபோது நண்டும் மாறியது. சதுப்புநிலக் காடுகள் குறைந்த தீவு, தன் மேசைக்கு வேண்டிய சேற்று நண்டை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளோடு இலங்கையும் அதனை அனுப்புகிறது. பருத்த கால்களும் இனிய சதையும் கொண்ட இலங்கை நண்டுக்குச் சிங்கப்பூர் உணவகங்களில் தனி மதிப்பு உண்டு. கால்கள் கயிற்றால் கட்டப்பட்டு, ஈரம் உலராமல் பொதியப்பட்டு, உயிருடன் வானூர்தியில் அது வந்து சேர்கிறது.

கடல்நீர் உட்புகுந்து தேங்கும் பரப்பை இலங்கைத் தமிழர் களப்பு என்பர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரிலேயே அச்சொல் உள்ளது. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களின் களப்புகளில் இடுப்பளவு சேற்றில் நின்று நண்டு பிடிப்போருள் தமிழ் பேசுவோர் பலர். 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின்போது வடபகுதிக் கடற்றொழிலுக்குக் கடுங்கட்டுப்பாடுகள் இருந்தன. ஆகவே சிங்கப்பூர் மேசையில் வைக்கப்படும் ஒரு தட்டு நண்டு, அந்நாட்டு மீனவரின் துன்பத்தோடும் நம்பிக்கையோடும் தொடர்புடையது.

சிறந்த நண்டுகள் யாவும் ஏற்றுமதியாகிவிட, அவற்றைப் பிடிக்கும் நாட்டவர் அவற்றைச் சுவைக்க இயலாத நிலையும் நிலவியது. அக்குறையை நீக்கும் நோக்குடன் 2011ஆம் ஆண்டில் கொழும்பில் நண்டுக்கெனவே ஓர் உணவகம் திறக்கப்பட்டது. எனினும் அதன் விலை களப்பில் நிற்கும் தொழிலாளிக்கு எட்டுவதன்று. நெல்லை விளைவித்தவன் நொய்க்கஞ்சி குடிப்பதைப் போன்றதே நண்டைப் பிடித்தவனின் நிலையும்.

யாருக்கு உரியது?

2009ஆம் ஆண்டில் மலேசியச் சுற்றுலா அமைச்சர் ஒருவர் மிளகாய் நண்டு தம் நாட்டு உணவு என்று கூறியதால் இரு நாட்டு மக்களிடையே சூடான சொல்லாடல் எழுந்தது. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு காலத்தில் தெருவோரம் வண்டி தள்ளியோரின் உழைப்பை உலகம் மதித்தது மகிழத்தக்கதே. ஆயினும் எந்நாட்டுக்குரியது என்று வழக்காடுவோர், எவருடைய கைகளுக்குரியது என்று கேட்பதில்லை. அமெரிக்கக் காய், மலாய்ச் சம்பால், சீனச் சட்டி, இலங்கை நண்டு, இவற்றை ஒன்றாக்கிய ஒரு தாயின் கைப்பக்குவம் ஆகியவற்றை எல்லைக்கோட்டால் பிரித்தல் இயலாது.

கடல் விலகிய பின்னும் சுவை நின்றதற்குக் காரணம் அது இடத்தைச் சார்ந்திராமல் கைகளைச் சார்ந்திருந்ததேயாகும். சமைத்த கை மற்றொரு கைக்குக் கற்பித்தது. கடை இடம் பெயர்ந்தபோது கையும் உடன் பெயர்ந்தது. மீனவரின் அறிவுக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. கடல் இன்றி அதைக் கற்பிக்க இயலாது. எனவே சுவை நாவில் வாழ்கிறது. கரையோ சொல்லிக்கொடுத்தால்தான் நினைவில் வாழும்.

அக்கடமை பள்ளிக்கும் பெற்றோர்க்கும் உரியது. மாணவர்களை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மிதிவண்டி ஓட்டிக் களித்த பிள்ளைகளைச் சிறிது நேரம் அமரச் செய்து, அவர்கள் அமர்ந்துள்ள இடம் கடலாக இருந்ததையும், அந்நீரை நம்பி வாழ்ந்தோர் இருந்ததையும் எடுத்துரைக்க வேண்டும். மாலையில் குடும்பத்துடன் நண்டு உண்ண அமரும் தந்தை, முன்னாளில் கரை எந்தச் சாலை வரை இருந்தது என்பதைத் தம் மக்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். குழம்பைத் துடைத்துண்ணும் நேரத்தில் அதைச் சொல்லி முடித்துவிடலாம். கேட்ட பிள்ளை அதைத் தன் பிள்ளைக்கும் சொல்லும்.